மெஸ்யேவின் நாற்காலியும் என் பஞ்சுத் திண்டும்

காகிதக் கயிற்றின் மேல் ஈரத் துணியை ஓட்டினால் ஒரு வாசம் வருமே, மழையில் நனைந்த பாடப்புத்தகம் மாதிரி, அது இன்று காலையிலிருந்து என் கடையில் நிற்கிறது. நீ வரைந்து வைத்துவிட்டுப் போன கடைசி நாற்காலிகளுக்கு மூலக்குளத்துப் பட்டறையில் ஆசாரிகள் மரவேலையை முடித்து அனுப்பிவிட்டார்கள். இருக்கை பின்னுவது வழக்கம்போல் என் தலையில். உன்னைத் திட்டாமல் நான் ஒரு நாற்காலியும் பின்னியதில்லை. இப்போது எதிரே கேட்க ஆள் இல்லாததால் எழுதுகிறேன்.

திட்டுவதற்குக் காரணம் இருந்தது. நெல்லித்தோப்பில் குஷன் கடை வைத்துப் பிழைக்கிறவள் நான். நீ பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அந்த உறவைக்கூடப் பார்க்காமல், நாற்காலிப் பட்டறை திறந்த அன்றே என் தொழிலுக்கு வேட்டு வைத்தாய். "எஞ் சேருக்கு மெத்த கெடையாது. மெத்த போட்டாத்தான் ஒக்கார முடியும்னா அது சேரே இல்ல" என்று வந்தவர்கள் முன்னால் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். பிறகு கொஞ்சமும் கூச்சப்படாமல் கயிறு பின்னும் வேலையை என்னிடமே கொண்டுவந்தாய். "நீ என் மேல கோவத்துல இழுத்து இழுத்து பின்னுவ. அதான்டி ஒன் பின்னல் இறுக்கமா இருக்கு" என்றாய்.

எல்லாவற்றுக்கும் மூல காரணம் அந்த மெஸ்யே. எப்போதோ டென்மார்க்கில் நாற்காலி செய்த மனிதர். அவர் பெயர் என் நாக்கில் ஒருநாளும் நிற்கவில்லை. நம் ஊர்ப் பெரியவர்கள் பிரெஞ்சுத் துரைகளை அழைத்ததுபோல் மெஸ்யே என்று வைத்துவிட்டோம். அவர் வரலாற்றைச் சொல்லும் பிரெஞ்சுப் புத்தகத்தைக் கடற்கரைப் பக்கத்து நூலகத்திலிருந்து எடுத்துவருவாய். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் என் தையல் மெஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, படிக்கப் படிக்கத் தமிழில் சொல்வாய். அடுத்து என்ன ஆயிற்றோ என்று மறுநாள் மத்தியானம்வரை எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். உன்னிடம் காட்டிக்கொண்டதில்லை.

மீன்பிடிக்கிற சின்ன ஊரில் பிறந்தவர். தேவாலயத்துக்கு பெஞ்சு செய்கிற இடத்தில் தொழில் கற்றுத் தலைநகருக்கு வந்தார். அப்போதெல்லாம் காலில் சிங்கமும் முதுகில் பூவும் செதுக்கியிருந்தால்தான் அது நாற்காலி. அவர் சிங்கத்தை எடுத்தார், பூவை எடுத்தார், இன்னும் ஒரு குச்சியை எடுத்தால் ஆள் விழுந்துவிடுவான் என்கிற இடத்தில்தான் நிறுத்தினார் என்று நீ சொன்னபோது, ஊசி உடைகிற அளவுக்குச் சிரித்தேன். போர் வந்து கப்பல் நின்றதும் இருக்கை பின்னக் கடற்புல் கிடைக்கவில்லை. காகிதத்தை முறுக்கிக் கயிறாக்கிப் பின்னினார்.

"காயிதத்து மேல யாருடி ஒக்காருவா?" என்றேன்.

"ஊரே ஒக்காந்துச்சு. அப்புறம் அமெரிக்காவே வந்து ஒக்காந்துச்சு" என்றாய்.

அவர் பின்னாளில் இழைத்ததெல்லாம் சயாம் தேக்கு. நம் பழைய வீடுகளின் உத்தரத்தில் கிடக்கும் பர்மா தேக்குக்குப் பங்காளி என்று கண்டுபிடித்தாயே, அன்றிலிருந்து ஊரில் எந்த வீட்டை இடித்தாலும் துக்கம் விசாரிக்கப் போகிறவள் மாதிரி முதல் ஆளாய்ப் போய் நின்றாய். அந்த மரத்தில் செய்த முதல் நாற்காலியை எங்கள் வீட்டில்தான் போட்டாய்.

அதற்கு என் அம்மா செய்த மரியாதை நினைவிருக்கிறதா? ரமலானுக்கு முன்னால் வீட்டையே தலைகீழாகப் புரட்டிக் கழுவுகிற வழக்கம் எங்களுக்கு. கடல் காற்றுக்கு இருக்கை லேசாகத் தொய்ந்திருந்தது. பிரம்பு நாற்காலி தொய்ந்தால் என்ன செய்வோமோ, அதைத்தான் அம்மாவும் செய்தார். தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஒரு வாளி முழுக்க அதன் மேல் ஊற்றி, வாசலில் வெயிலில் வைத்துவிட்டார். பிரம்பாக இருந்தால் வீணைத் தந்தி மாதிரி விறைத்திருக்கும். காகிதம் பாவம், ஊறி, முறுக்கு அவிழ்ந்து, இடியாப்பம் போலத் தொங்கியது. விடுதி நடத்தும் ஒருவருக்கு அந்த நாற்காலியைக் காட்ட, அன்றைக்கென்று பார்த்தா நீ அவரை அழைத்துவர வேண்டும்?

"சுடுதண்ணி ஊத்தினா கெட்டிப்படும்னுதாம்மா ஊத்தினேன். நல்லா கொதிக்கவச்சுத்தான் ஊத்தினேன்" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். நீ தொங்கிய கயிறு ஒன்றை விரலால் தூக்கிப் பார்த்தாய். அப்புறம் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "உங்க மேல தப்பே இல்லம்மா. இந்த ஊருல சேர கழுவுவாங்கன்னு மெஸ்யேக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல, நான்ல யோசிச்சிருக்கணும்" என்றாய். விடுதிக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் கயிற்றுக்குத் தேன்மெழுகு தேய்க்க ஆரம்பித்தோம். இன்றைக்கும் தேய்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

உன்னைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இதோடு நிறுத்திக்கொள்ளத் தோன்றுகிறது. நீ நோயில் விழுந்த வருஷத்தைத் தாண்டிக் குதித்துவிட முடிந்தால் நன்றாக இருக்கும்.

நோய் உன் முதுகெலும்புக்குள் போன பிறகு உன்னால் நிமிர்ந்து படுக்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. உன் மகள் பிரான்சிலிருந்து வந்திருந்தாள். அவளோடு மேஜையில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும் என்பதைத் தவிர நீ வேறெதையும் கேட்கவில்லை. உன் நாற்காலியிலேயே உன்னை உட்காரவைத்தோம். இரண்டு வாய் உள்ளே போவதற்குள் முகம் வெளுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்துவிடுவாய். தட்டு அப்படியே இருக்கும். மெத்தை என்ற சொல் என் தொண்டைவரை வந்து நின்றது. நம் சண்டையில் நான் ஜெயிக்க அதுவா நேரம்? தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

கட்டிலில் ஒருக்களித்தபடி நீதான் ஆரம்பித்தாய்.

"ஒன்ன ஒண்ணு ஏமாத்திட்டேன்டி."

"என்னாது?"

"மெஸ்யே கதையில ஒரு பக்கம் ஒனக்கு நான் படிக்கவே இல்ல. வயசானப்பறம் அவருக்கும் முதுகு போயிடுச்சி. அவரு செஞ்ச சேர்லயே அவரால ஒக்கார முடியல. பக்கத்து ஊட்டு அம்மா ஒரு திண்டு தச்சுக் குடுத்தாங்க. கடைசி வரைக்கும் அது மேலதான் ஒக்காந்திருந்தாரு."

"அடிப்பாவி. இத்தன வருசமா மறைச்சியா?"

"சொல்லியிருந்தா நீ என்ன சும்மா உட்டிருப்பியா?"

உண்மைதான். விட்டிருக்க மாட்டேன், கடை வாசலில் போர்டே எழுதி மாட்டியிருப்பேன். சிரித்துவிட்டேன். நீயும் சிரித்தாய், சிரித்தால் வலிக்கும் என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல், "எனக்கொண்ணு தச்சுத் தரியாடி?" என்றாய்.

ஃபோமைத் தொடவில்லை நான். இலவம் பஞ்சை எடுத்துக் கொட்டை, தூசி எல்லாம் பொறுக்கி, நடுவில் இளக்கமாகவும் ஓரத்தில் கெட்டியாகவும் அடைத்துத் தைத்தேன். தைக்கும்போது அழுதேன். மறுநாள் மத்தியானம் நாற்காலியில் போட்டு, நானும் உன் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உன்னை இறக்கினோம். நீ கண்ணை மூடினாய். உன் தோள் மெல்ல இறங்கியது. மகள் ரசம் சாதம் பிசைந்து வைத்தாள். பேசிக்கொண்டே தட்டைக் காலி செய்தாய். அவள் ரசம் இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்க, ஊற்று என்றாய். எல்லாம் முடிந்து கை துடைக்கும்போது என் பக்கம் திரும்பி, "ஓரத் தையல் கோணலா இருக்கு" என்றாயே. அன்று உன்னை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்லியிருக்கலாம். "ஒன் ஒடம்புதான்டி கோணல்" என்றுதான் சொன்னேன்.

நீ போன பிறகு, உன் மகள் ஊருக்குத் திரும்பும்போது நாற்காலியைக் கப்பலில் அனுப்பினாள். திண்டை என் கையில் கொடுத்துவிட்டாள். கடையில் என் இடத்துக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்திருக்கிறேன். இலவம் பஞ்சு உட்கார்ந்தவர் அளவுக்கு அமுங்கிக்கொள்ளும். வெயிலில் போட்டுக் குச்சியால் தட்டினால் பள்ளம் போய் மறுபடி உப்பிவிடும். ஊர்த் திண்டுகளை எல்லாம் அப்படித் தட்டித்தான் கொடுக்கிறேன். இதை இன்னும் வெயில் பக்கமே கொண்டுபோகவில்லை.

சற்று முன்பு அரியாங்குப்பத்திலிருந்து சோபா உறை தைக்க ஒரு அம்மா வந்தார். நின்று நின்று கால் கடுத்துப்போய், "இத கொஞ்சம் எடுத்தா நான் ஒக்காந்துக்குவேன்" என்று அந்தத் திண்டின் மேல் கை வைத்தார்.

"வேற ஸ்டூல் தரேங்க" என்றேன். "அதுல ஆள் இருக்காங்க."