லினக்ஸில் ஓடிய அன்று

திருத்தங்கல்
2.4.2013

மாரீஸ்வரனுக்கு,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை. சிறை விலாசம் விசாரித்து எழுதுகிறேன். செல்வலட்சுமி போய் நாற்பத்திரண்டு நாள் ஆகிறது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் பாப்பா இன்னும் ஓடிப்போய்ப் பார்க்கிறாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பதினோரு வருஷப் போர்மேன் நீ. கலந்து மிச்சமான வெடிமருந்தை அன்றன்றைக்கே அழிக்காமல் பட்டாசுக் கம்பெனியை விட்டு ஒருநாளும் வெளியே வந்ததில்லை. அன்றைக்கு மட்டும் ஏன்லே அப்படியே மருந்து அறையில் வைத்துவிட்டுப் போனாய்? மறுநாள் காலையில் வேலைக்குப் போய் அந்த அறையைத் திறந்து, வெடித்ததில் போனவள் என் பொண்டாட்டி. தங்கச்சி, தங்கச்சி என்பாயே!

பதில் சொல்லாவிட்டால் இந்த ஜென்மத்தில் உன் முகத்தில் விழிக்க மாட்டேன்.

பாண்டிராஜ்

மத்திய சிறை
9.4.2013

அன்புள்ள பாண்டி,

நீ எழுதாவிட்டாலும் நான் அப்படித்தான் எழுதுவேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அச்சகத்துக்குப் போகிறாயா? நோட்டு அட்டை சீசன் ஆரம்பித்திருக்குமே.

கேட்டதற்குப் பதில்: மறந்துவிட்டேன். போலீசிடமும் அதைத்தான் சொன்னேன். என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

கம்ப்யூட்டரில் அந்த ஸ்டீமை அழித்துவிடாதே. விண்டோஸ் வேண்டாமென்று நீ போட்டுக்கொண்ட லினக்ஸுக்கு, ஆறு வருஷம் காத்திருந்து வந்த விளையாட்டுக் கடை. அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை, உன்மேலும் இல்லை.

பாப்பாவுக்கு முத்தம்.

உன் மாரி

திருத்தங்கல்
15.4.2013

மாரி,

ஸ்டீமைப் பற்றி நான் ஒரு வார்த்தை எழுதவில்லையே. அதன்மேல் குற்றமில்லை என்று நீ ஏன் எழுதினாய்? ரெண்டு நாள் யோசித்தேன். அட பாவி, அன்றைக்குச் சாயங்காலம் உனக்குப் போன் போட்டவன் நான்தானே!

"சீட்டாட்டத்த விட்டா என்னலே ஓடும் உன் லினக்ஸுல? நல்ல கேம் ஒன்னு ஓடட்டும், போட்டது போட்டபடி வாரேன்" என்று எத்தனை வருஷம் கேலி பண்ணியிருப்பாய்! அன்றைக்கு ஸ்டீம் லினக்ஸுக்கும் வந்து, துப்பாக்கி விளையாட்டு ஒன்று இறங்கி, ஓடியேவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஏலே, ஓடுதுலே! இப்பவே வா" என்றேன். "கொஞ்சம் வேலை கிடக்குலே, ஒரு மணி நேரம் பொறு" என்றாய். "பேச்சு மாறுனவன்னு தெரு பூரா சொல்லுவேன்" என்றேன். பத்தே நிமிஷத்தில் வந்து நின்றாய். கையைக்கூடக் கழுவவில்லை. அப்போதுதான் கம்பெனி வண்டியில் வந்து இறங்கிய செல்வலட்சுமி உனக்குச் சோப்பு எடுத்துக் கொடுத்தாள்.

அவளைக் கொன்றது நான். கோர்ட்டில் வந்து சொல்லப் போகிறேன்.

பாண்டிராஜ்

மத்திய சிறை
22.4.2013

பாண்டி,

கோர்ட் பக்கம் வராதே. நீ கூப்பிடத்தான் செய்தாய். மருந்தை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தவன் நான். காலையில் முதல் ஆளாகப் போய் அழித்துவிடலாம் என்று நினைத்தேன். தங்கச்சி எனக்கு முன்னால் போய்விட்டாள்.

பாப்பாவுக்கு அம்மா இல்லை. அப்பன் பண்ணின போனால்தான் அம்மா போனாள் என்று அவள் காதில் விழுந்தால் பிள்ளை எங்கே போகும்? யாரையாவது வெறுத்துத்தானே அவள் வளரணும். என்னை வெறுக்கட்டும். மாரி மாமா மறந்துட்டாரு என்றே சொல்லி வளர்.

பார்க்க வராதே. உன்னைக் கண்டால் அழுது எல்லாவற்றையும் உளறிவிடுவேன். இனி உன் கடிதம் வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

மாரீஸ்வரன்