கதாநாயகி வேஷம்

ஆம்பூர்,
3.6.2024

அன்பு வீரபாகுவுக்கு,

ஆற்காட்டில் மகள் ஹரிணி வீட்டில் சௌக்கியமாக இருப்பாய் என நம்புகிறேன். உனக்குக் காது மந்தமானதிலிருந்து போனில் பேச முடிவதில்லை, அதனால் எழுதுகிறேன். ஆகஸ்டில் நம் மன்றத்து நாடகம். ஷூ கம்பெனியில் தைக்கிற மாதனூர் தேவிகா கதாநாயகியாக நடிக்கக் கேட்டாள். வசனம் நன்றாகப் பேசுகிறாள். கமிட்டி ஒத்துக்கொண்டது. இத்தனை வருஷமும் அது உன் வேஷம்தான், தெரியும். இந்த முறை நீ அவளுக்கு அப்பா. மறுக்காதே.

உன் சம்பத்

ஆற்காடு,
9.6.2024

சம்பத்,

கடிதம் கிடைத்தது. மூட்டுவலி தவிரக் குறையில்லை. நம் ஊரில் எந்தப் பெண்ணும் மேடையேற வராததால் முப்பது வருஷம் நான் புடவை கட்டினேன். பெண் பார்க்கப் போனபோது மாமனார், "இன்னாய்யா, பொண்ணுக்குப் பொண்ணைக் கட்டி வெக்கிறதா?" என்று கேட்டது உனக்கும் தெரியும். அதையெல்லாம் தாங்கியவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முடிவு செய்துவிட்டீர்கள். வேறு அப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீரபாகு

ஆம்பூர்,
1.7.2024

அன்பு வீரபாகுவுக்கு,

உன் கோபம் நியாயம். கேட்டிருக்க வேண்டும். இப்போது வேறு பேஜார். தேவிகாவின் கணவன் பரத் ஒத்திகைக்கு வந்து, கண்டவனோடு நிற்க வேண்டாம் என்று எல்லார் முன்னாலும் அவள் கையைப் பிடித்து இழுத்துப் போனான். அதன்பின் அவள் வரவில்லை. நோட்டீஸ் அடிக்க வேண்டும். வேஷம் உனக்கே. உடனே வா.

உன் சம்பத்

ஆற்காடு,
8.7.2024

அன்புள்ள சம்பத்,

உன் கடிதம் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டேன். பெட்டியிலிருந்து புடவையைக்கூட எடுத்து உதறினேன். பிறகு, ஆசைப்பட்டு வந்த பெண்ணின் வேஷத்தை இப்படி எடுத்துக்கொள்ள மனசு ஒப்பவில்லை.

நேற்று பஸ் பிடித்து மாதனூர் போய், விசாரித்து அவர்கள் வீட்டைக் கண்டுபிடித்தேன். பரத் உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றே, புடவை கட்டியதற்கு என்னை யார் யார் என்னென்ன பேசினார்கள் என்று சொன்னேன். அவன், "ஊர் சிரிக்கும் சார்" என்றான். காதில் விழாததால் இரண்டாம் முறை சொல்ல வைத்தேன். அப்போது அவன் வேகம் இறங்கிவிட்டது.

தேவிகா உள்ளேயிருந்து வந்தாள். "நான் வர்றேன் சார். இவரு வந்தாலும் சரி, வராட்டியும் சரி" என்றாள். அவன் தடுக்கவில்லை.

ஒத்திகையை ஞாயிறு மதியம் வை, அவளுக்கு அன்றுதான் லீவு. பரத்துக்கும் ஒரு நாற்காலி போடு. நோட்டீஸில் அவள் பெயரை முதலில் அச்சடி.

எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் பொய். ஆனாலும் அப்பாவாக வருகிறேன்.

உன் வீரபாகு