எள்ளளவு நத்தையும் உன் அப்பாவும்

அன்பு மகள் ஸ்ருதிக்கு அம்மா எழுதுவது. கொல்கத்தா ஆராய்ச்சிக்கூடத்தில் நீ நலமாக இருக்க அருகனை வேண்டிக்கொண்டே எழுதுகிறேன், இங்கே என் மூட்டுவலி பரவாயில்லை, அப்பா உடம்புக்கும் குறைவில்லை, மனசுதான் சரியில்லை. போனில் பேசினால் அவர் பக்கத்திலேயே இருப்பார், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் நிலத்தை ஒட்டிய ஓடைக்கு சிமெண்ட் போடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அங்கே பாறையில் ஒட்டியிருக்கிற அந்தக் குட்டி நத்தையை உயிரோடு பிடித்து ஸ்பிரிட்டில் போட்டு அனுப்பச் சொன்னாய். மேலோட்டை மட்டும் பார்த்தால் இரண்டு மூன்று இனம் ஒரே மாதிரி இருக்கும், உள்ளுடம்பைப் பார்த்தால்தான் இன்னதென்று தெரியும், அபூர்வமானது என்று உறுதியானால் வேலையை நிறுத்தச் சொல்லி எழுதலாம் என்றாய், எனக்குப் புரிந்தது. ஆனால் அப்பா தயங்கியதும், “எள்ளு மாதிரி இருக்கிற நத்தைக்குப் போயி ஏம்பா இவ்ளோ யோசிக்கிறீங்க” என்று சிரித்தாயே, அதில் அவர் சுருங்கிப்போய்விட்டார். பெரியப்பா பட்டுக் கடையில் பங்கு தருகிறேன் என்று கூப்பிட்டும், புழுவை வேகவைத்து எடுத்த நூலைத் தொடமாட்டேன் என்று அரிசி மில் வேலைக்குப் போன மனுஷர் அவர்.

முதலில் வெறும் ஓடுகளைப் பொறுக்கி அனுப்பினார், அது போதாது என்றாய். அதற்குள் ஜேசிபி வந்து ஓடையின் கீழ்ப்பக்கத்தைத் தோண்ட ஆரம்பித்துவிட்டது. பக்கத்து நிலத்துக் குமரேசன், “நீங்க கரையில குந்திகினு இருங்க, நான் புடிச்சிப் போட்டுத் தரேன்” என்றார். “இன்னொருத்தர் கையால செஞ்சா எனக்குப் பாவம் இல்லன்னு ஆயிடுமா” என்று அப்பா தானே இறங்கினார். நானும் கூட இருந்தேன். ஊற்றுத் தண்ணீர் கசிகிற பாறையில், பாசியும் நிழலும் இருக்கிற இடத்தில்தான் அவை ஒட்டியிருந்தன, வெயில் படுகிற பக்கம் ஒன்றுகூட இல்லை. பஞ்ச நமஸ்கார மந்திரம் சொல்லிச் சொல்லி ஒவ்வொன்றாக பாட்டிலில் விட்டார். அன்றும் மறுநாளும் உபவாசம்.

பிறகுதான் உன் சேதி வந்தது, எங்கோ ஒரு மலை ஓடையில் மட்டும் இருப்பதாக நினைத்திருந்த இனம் இது என்று. நீ எழுதியதை வைத்து ஊற்றுப் பக்கத்து வேலையை அதிகாரிகள் நிறுத்திவிட்டார்கள். கீழ்ப்பக்கம் முழுக்கச் சுவராகிவிட்டது, அங்கே இனி ஒன்றும் இல்லை. வேலை நின்றதைக் குமரேசன்தான் வந்து சொன்னார். அப்புறம் அப்பா என்னிடம், “செய்யவேண்டியதைத்தான் செஞ்சேன் அனந்தம், ஆனா அதுல பாவமே இல்லன்னு யாரும் எனக்குச் சொல்லவேணாம்” என்றார்.

அதனால் நீயும் சமாதானம் சொல்லாதே, பேசவிட்டுக் கேள். இந்த நத்தையைப் பற்றி நீ எழுதும் கட்டுரையில் தன் பெயர் வேண்டாம் என்கிறார், போடாதே. இனி எதையும் பிடித்துத் தரச் சொல்லாதே.

பொழுது சாய்வதற்குள் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். எடுத்த வேலை எல்லாம் உனக்கு நல்லபடி கைகூடட்டும் அம்மா. ஒன்று மறக்காதே: ஆராய்ச்சி முடிந்தபின் பாட்டிலில் மிச்சம் இருப்பவற்றை என்ன செய்வீர்கள் என்று தினமும் என்னைக் கேட்கிறார். அதற்குப் பதிலை எனக்கு எழுதாதே, அவரிடமே சொல்.

உன் அம்மா,
அனந்தம்மாள்
ஆரணி