வெயில் காய்ச்சிய வெந்நீர்

திருப்பதி,
2-2-2003

அன்புள்ள தரணிக்கு,

அம்மா எழுதுகிறேன். பெருமாள் புண்ணியத்தில் நானும் உன் நைனாவும் இங்கே சௌக்கியம், சிங்கப்பூரில் நீயும் யமுனாவும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். போனில் பேசினால் உன் நைனா பாதியில் பிடுங்கிக்கொள்கிறார், நடந்தது ஒன்று, அவர் சொல்வது ஒன்று, அதனால் உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கார்த்திகையில் முனிசிபாலிட்டியில் நம்மைப்போல லாட்ஜ் நடத்துகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுப் பேசினார்கள். மலைக்கு வருகிற ஜனம் வருஷா வருஷம் கூடுகிறது, தண்ணீரும் கரண்டும் அதுபோலக் கூடவில்லை, மொட்டை மாடியில் சோலார் வைத்து வெந்நீர் போடுகிறவர்களுக்கும் மழைத்தண்ணீர் இறங்கக் குழி வெட்டுகிறவர்களுக்கும் வரியில் தள்ளுபடி என்றார்களாம். உன் நைனா வரும்போதே சோலாருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். நீயும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாயே, அவருக்கு அது ஒரு தெம்பு. எனக்கும் பிடிக்காமல் இல்லை, பின்கட்டு விறகு அடுப்புப் புகையில் காயப்போட்ட துணியெல்லாம் கருத்துப்போகும், உனக்குத் தெரியாததா. ஆனால் அந்த அடுப்பை எரித்து ரூம் ரூமாக வெந்நீர் பக்கெட் தூக்குகிற நம்ம துலுக்காணம் என்ன செய்வான் என்று கேட்டேன். அப்புறம் பார்த்துக்கலாம் என்றார்.

சோலார் வந்தது, ஒவ்வொரு ரூமுக்கும் பைப் இழுத்து வெந்நீர்க் குழாய் வைத்தார்கள். அடுப்பை இடித்தது துலுக்காணமேதான், செங்கல்லைப் பொறுக்கி ஓரமாக அடுக்கிவிட்டு, பையோடு என்னிடம் வந்தான். “நான் நாகலாபுரத்துக்கே பூடறேன்க்கா, கழனி வேல எதுனா ஆப்புடும்” என்றான். முகத்தில் துளி கோபமில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் முடியட்டும், அதுவரைக்கும் இரு என்று நிறுத்திவைத்தேன்.

ஏகாதசி அன்றைக்கு ஒரு ரூம்கூடக் காலியில்லை. பொழுது விடிவதற்குள் சோலார் தொட்டியில் சொட்டு வெந்நீர் இல்லை, பின்னாலேயே பச்சைத்தண்ணீரும் நின்றுவிட்டது. மேல் மாடியில் பலமனேர்க் குடும்பம் ஒன்று, கைக்குழந்தைக்குப் பாதி சோப்புப் போட்டபடி நிற்கிறார்கள். அந்த அப்பன் கீழே ஓடிவந்து வேடி நீள்ளு ஏவி, வெந்நீர் எங்கே என்று தெலுங்கில் கத்துகிறார், குழந்தை அழுகிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது. நான் குடத்தில் இருந்த தண்ணீரைச் சமையல் கேஸில் காய்ச்சினேன், யாரும் சொல்லாமலே துலுக்காணம் அதைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினான். லாரித் தண்ணீர் வந்து சேர வெயில் ஏறிவிட்டது. சோலார்காரன் ஏமாற்றிவிட்டான் என்று உன் நைனா தலையில் கை வைத்து உட்கார்ந்தார். எனக்கு அப்படிப் படவில்லை. மறுநாள் காலையில் நானே ரூம் ரூமாகப் போய்ப் பார்த்தேன். பல் விளக்குகிறவர் குழாயை மூடவில்லை, சவரம் செய்கிறவர் மூடவில்லை, வெந்நீர் அது பாட்டுக்குச் சாக்கடைக்குப் போகிறது. முன்பு ஆளுக்கொரு பக்கெட் வரும், அதிலேயே குளித்து முடிப்பார்கள். வெயில் சும்மா காய்ச்சிக் கொடுக்கிறது என்றதும் தண்ணீரும் சும்மா வருகிறது என்று ஆகிவிட்டது.

ரூமில் இருக்கிற வெந்நீர்க் குழாயை எல்லாம் எடுத்துவிடலாம் என்றேன். “போட்ட பைப்பு பளபளப்புகூடப் போவல, புடுங்கச் சொல்றியே, பாக்கறவன் சிரிக்க மாட்டான்?” என்று உன் நைனா குதித்தார். நானும் விட்டுவிட்டேன். அப்புறம் ஒருநாள் தானாகவே பிளம்பரைக் கூட்டிக்கொண்டு வந்தார். இப்போது மாடிக்கு ஒரே ஒரு வெந்நீர்க் குழாய், பூட்டுப் போட்டது, சாவி துலுக்காணத்திடம். ஆளுக்கு ஒரு பக்கெட், வயசானவர்களுக்கும் பிள்ளைக்காரிகளுக்கும் இன்னும் கொஞ்சம், அது அவன் முகம் பார்த்துக் கொடுப்பது. இவனை விட்டால் இது நடக்காது என்று உன் நைனாவே சொல்லி, பையைப் பிரித்து வைக்கச் சொன்னார். ரூமிலேயே குழாய் வேண்டும் என்று எதிர் லாட்ஜுக்குப் போய்விடுகிறவர்களும் உண்டு, பொய் சொல்லமாட்டேன், சில நாள் இரண்டு மூன்று ரூம் காலிதான். ஆனால் அதற்குப் பிறகு லாரி கூப்பிடவில்லை. பக்கத்து லாட்ஜ் வரதராஜன் அண்ணன்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் ரூம் காலி செய்து போய்விட்டார்கள், தொட்டியில் வெந்நீர் மிச்சம். “டேய், இன்னிக்கு நீ ஊத்திக்கடா” என்றார் உன் நைனா. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் வெந்நீர் போட்டவன், ஒருநாளும் தனக்கென்று ஒரு பக்கெட் எடுத்து வைத்துக்கொண்டதில்லை. மொட்டை மாடியில் நின்று தலையோடு ஊற்றிக்கொண்டு, “சுடுதுக்கா, நெசமாவே சுடுது” என்று சிரித்தான் பார், நானும் உன் நைனாவும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

நேரத்துக்குச் சாப்பிடு, யமுனாவைக் கோபித்துக்கொள்ளாதே. பேரனுக்கு முதல் மொட்டை இங்கேதான் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன், ஆபீஸில் இப்போதே லீவு சொல்லிவை. மூன்று பேரும் தீர்க்காயுசாக, மனசில் குறையில்லாமல் இருக்க வேண்டும்.

உங்களையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
கமலம்மா