தேறும் முன்பே தெருவுக்குச் சொன்ன சேதி

மக்கா,

இன்றைக்குக் காலையில் முத்தையாபுரம் பஸ்ஸில் ஒரு அம்மா கூடையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கூடைக்குள் காய்ந்த சங்குச் சதை. பஸ்ஸே மூக்கைப் பொத்திக்கொண்டது. நான் மட்டும் நன்றாக இழுத்து மூச்சு விட்டேன். கடலில் சங்கு குளித்துவிட்டு நேரே என் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஏலே, சோறு இருக்கா?" என்று நீ கேட்பாயே, அப்போது உன் மேல் அடிக்கும் வாடை அது.

நீ போய் ஒரு ஐப்பசி கழிந்துவிட்டது. காமாலை வந்து படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. உன் அடக்கத்தைப் பற்றி நான் ஊரில் சொல்லும்போது, அன்றைக்குத் துறைமுகமே நின்றுபோனது என்றுதான் சொல்வேன். வெளியில் நங்கூரம் போட்டிருந்த கப்பல் ஒன்று நீளமாகச் சங்கு ஊதியது என்றும் சேர்த்துக்கொள்வேன். ஊதியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

உனக்குத் தெரியாத சேதி ஒன்று இருக்கிறது. துறைமுகத்தில் நான் ஓட்டுகிற கிரேனை மாற்றுகிறார்கள். இனிமேல் உச்சியில் ஏறி, கண்ணாடிக் கேபினில் உட்கார்ந்து, காலுக்குக் கீழே பார்த்துப் பெட்டி இறக்க வேண்டாமாம். தரையில் ஏசி ரூமில் உட்கார்ந்து, டிவியைப் பார்த்தபடி சின்னக் கைப்பிடிகளை ஆட்டினால் போதுமாம். பரீட்சையில் தேறினவனுக்கு அந்த நாற்காலி. தேறாதவன் கப்பல் மேல் ஏறிக் கன்டெய்னர்களை இரும்புக் கம்பி போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். ஐம்பதைத் தாண்டின இடுப்பை வைத்துக்கொண்டு அந்த வேலை.

என்னைத் தெரியாதா உனக்கு? எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டாலும், வெளிநாட்டுக் கேப்டன்கள் என் கை நிதானத்தைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றியிருக்கிறார்கள். ஒருத்தர் கழற்றியது உண்மை. புழுக்கத்துக்கு விசிறிக்கொள்ளக் கழற்றினார் என்று பொறாமை பிடித்தவர்கள் சொல்வார்கள்.

பரீட்சைக்கு முன்னால் எங்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். தன்னம்பிக்கை வகுப்பு. மதுரையிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். "எல்லாரும் கண்ணை மூடுங்க. நீங்க ஜெயிச்சுட்டதாப் பாருங்க. நடக்கப்போறதை நடந்து முடிஞ்ச மாதிரியே பேசிப் பழகுங்க. மனசு நம்பிட்டா கை தானா வரும்" என்றார். பிறகு, கண்டதை எழுந்து சொல்லச் சொன்னார்.

எனக்கு இது வெல்லம் தின்கிற வேலை அல்லவா? கண்ணை மூடினேன். நாற்காலிக்குப் பின்னால் பித்தளையில் என் பெயர். சேர்மன் கையால் மாலை. மேளம். முன்னால் ஒரு யானை.

"யானைய எங்கன நிப்பாட்டுனீரு அண்ணாச்சி?" என்று பின்வரிசையில் ஒருத்தன் கேட்டான்.

"கன்டெய்னர்லதாம்ல வந்துச்சு. நாந்தான் இறக்குனேன்" என்றேன். மேடமே கை தட்டினார்.

பெரியவர்கள் சொன்னால் தட்டாதவன் நான். நடந்து முடிந்த மாதிரி பேசு என்றார்களே, அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய், "தேறியாச்சு" என்று சொல்லிவிட்டேன். உன் தங்கச்சி, என் வீட்டுக்காரியைத்தான் சொல்கிறேன், பாசிப்பருப்பு வேகவைத்துக் கருப்பட்டி போட்டு சுசியம் சுட்டுத் தெரு முழுக்கக் கொடுத்தாள். கோயம்புத்தூரிலிருந்து மகள் போனில் அழுதாள், சந்தோஷத்தில். தெரு முக்கு டீக்கடை அண்ணாச்சி எனக்கு "ஏசி ரூம்" என்றே பெயர் வைத்துவிட்டார்.

அதற்கப்புறம்தான் பரீட்சை வந்தது.

திரையில் கப்பல், திரையில் பெட்டி. காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை, மக்கா. கேபினில் இருந்தால் பெட்டி ஆடுவது என் முதுகுத்தண்டில் தெரியும். இங்கே ஒன்றும் தெரியவில்லை. மாலையும் மேளமும் மனசுக்குள் தயாராக நின்றன. பெட்டி மட்டும் நிற்கவில்லை. கப்பல் விளிம்பில் போய் மோதியதும் திரை சிவந்துவிட்டது. இன்னும் ஒரு தடவை உட்காரலாம், அதோடு சரி என்றார்கள்.

அன்றிலிருந்து நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்வேன்? கண்ணாடி முன்னால் நின்று, "நான் வல்லவன், நான் வல்லவன்" என்று சொல்லிப் பார்த்தேன். கண்ணாடிக்குள் இருந்தவன் என்னை நம்பவில்லை. ஏசியில் சளி பிடித்துவிடும் என்று வீட்டுக்காரி ஒரு ஸ்வெட்டர் வாங்கித் தந்தாள். தினமும் அதைப் பைக்குள் மடித்து எடுத்துப் போவேன். வெயிலில் பழைய கிரேனில் வெந்துவிட்டுத் திரும்பி வருவேன். "குளிருச்சா?" என்று கேட்பாள். "இன்னைக்குக் கொஞ்சம் ஜாஸ்தி" என்பேன். வாழ்நாள் முழுக்கக் கதை சொன்னவன்தான் நான். ஆனால் ஒரு கதைக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வர வழி தெரியாமல் நின்றது இதுதான் முதல் தரம்.

இன்று இரண்டாவது பரீட்சை. அதற்குப் போகும்போதுதான் அந்தக் கூடை. அந்த வாடை என்னை உன் வள்ளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

ஒரு லீவு நாளில் உன்னோடு வந்தேனே, நினைவிருக்கிறதா? நீ வள்ளத்து ஓரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தாய். விரல்கள் மட்டும் விரிந்தன, மடங்கின.

"என்னல, ஜெபமா?"

"அது முடிஞ்சிட்டு. இப்ப இறங்கிப் பாக்கேன்."

"உக்காந்த இடத்துலயா? என்ன தெரியுது?"

"தண்ணி கலங்கலாக் கிடக்கு. கைக்கு மணல்தான் அம்புடுது. மூச்சு முட்டுது. ஏறுதேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏலே, குதிக்கதுக்கு முன்னாலயே அபசகுனமா? ஒரு வலம்புரிச் சங்கா நெனைச்சா மண்டை வலிக்குமா?"

நீ கண்ணைத் திறந்து சிரித்தாய். "நெனைக்கதுக்கு நீ இருக்கியே. நீ சங்கை எடுக்காமலே வித்துட்டு, கறியும் எடுத்துத் தின்னுட்டு, ஏப்பம் விட்டுப் படுத்துருவ. நான் மொதல்ல வெறுங்கையோட ஏறி வந்து பாத்துக்கிடணும்ல. அதுக்குப் பயமில்லன்னாத்தான் கீழ நிதானமாத் தேட முடியும்."

சொல்லிவிட்டு, சிலுவை போட்டுக் குதித்துவிட்டாய். நானும் குதித்தேன். ஊரில் பத்து ஆள் ஆழம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உன்னிடம் என்ன மறைக்க, வள்ளத்துக் கயிற்றை நான் கடைசிவரை விடவில்லை.

இன்றைக்குப் பரீட்சை நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். இந்தத் தடவை யானையைக் கூப்பிடவில்லை. பெட்டி ஆடட்டும் என்று விட்டேன். திரை சிவக்கட்டும். எழுந்து, வெளியே வந்து, பஸ் ஏறி, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி, அவள் முகத்தைப் பார்த்து, வாயைத் திறக்கிற வரைக்கும் போனேன். பாதியில் கண்ணைத் திறந்துவிடலாம் என்று இருந்தது. ஆனாலும் வாசல் வரை போய்விட்டேன்.

"சார், தூக்கமா?" என்றார் பரீட்சை வைக்கிற தம்பி.

"இல்ல தம்பி, முடிச்சிட்டு வந்துட்டேன். இனி ஆரம்பிக்கலாம்."

ஓடிவிடலாம் என்ற நினைப்பு நின்றுவிட்டது. முதல் பெட்டி உட்கார்ந்தது. அடுத்ததும் உட்கார்ந்தது. மூன்றாவதுக்குக் காற்றைக் கூட்டிவிட்டார்கள், நம் ஆடி மாதத்துக் கச்சான் காற்று மாதிரி. பெட்டி ஊஞ்சலாடியது. அவசரப்பட்டு இறக்கியிருந்தால் மோதியிருக்கும். காத்திருந்தேன். ஆட்டம் குறைந்து குறைந்து, பெட்டி அசையாமல் நின்றபோது மணி அடித்துவிட்டது.

"டைம் முடிஞ்சிருச்சு சார்."

"எதுலயும் இடிக்கலையே?"

"இடிக்கல. நல்லாத்தான் நிப்பாட்டுனீங்க. ஆனா இறக்கல, மார்க் பத்தாது." அந்தத் தம்பி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "மறுபடி ஆள் எடுத்தா வந்து பாருங்க சார்." எப்போது எடுப்பார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை. நாளைக்குக் காலையிலிருந்து எனக்குக் கப்பல் மேல் கம்பி கட்டுகிற வேலை.

வீட்டில் அவள் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நான் தேறல."

"எதுல?"

"ஏசி ரூம்ல. அன்னைக்கும் தேறல, இன்னைக்கும் தேறல."

கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டாள். "அப்ப தெருவுக்கெல்லாம் நான் சுட்டுக் குடுத்த சுசியம்?"

"அது நல்லா இருந்துச்சு."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "இனி எவளாவது கேட்டா நான் என்ன சொல்லட்டும்?" என்றாள். அந்தக் குரலை இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை, மக்கா.

"நானே சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு முக்குக் கடைக்குப் போனேன். நாலு பேர் முன்னால், ஒரு பூச்சும் இல்லாமல், நடந்தது நடந்தபடி சொன்னேன். கடை அண்ணாச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வே, ஏசி ரூம்! மேல்கொண்டு புரமோஷன் வந்துருக்கு, அதை மறைக்கதுக்கு இப்படி ஒரு கதையா? முதல்ல டீ சொல்லும்வே!" எத்தனை தரம் சொல்லியும் நம்பவில்லை. நான் சொன்ன யானையைக்கூட நம்பியிருப்பார்கள் போலிருக்கிறது.

இப்போது வீட்டுக்குள் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். அவள் பரிமாறாமல் போய்ப் படுத்துவிட்டாள். சோறு மட்டும் மூடி வைத்திருக்கிறது. கண்ணை மூடி நாளைக்கான வேலைக்குப் போய்ப் பார்த்தேன். கம்பி என் உயரத்தைவிட நீளம். இடுப்பு பிடித்துக்கொள்கிறது. கூட வேலை பார்க்கிற இளவட்டங்கள், "அண்ணாச்சி, அங்கன நிழல்ல உக்காரும்" என்கிறார்கள். உட்கார மாட்டேன் என்று சொல்லி, குனிந்து, கம்பியை மாட்டித் திருகுகிறேன். சாயங்காலம் ஆகிறது. கப்பலிலிருந்து இறங்கி, பஸ்ஸைப் பிடித்து, வீட்டுக்கு வந்து சேர்கிறேன். மறுபடி கண்ணை மூடிப் போய்ப் பார்த்தேன். கம்பி லேசாகவில்லை. அதை லேசு என்று யாரிடமும் சொல்லப்போவதுமில்லை. ஆனால் அந்தத் தடவையும் வீடு வந்து சேர்ந்துவிட்டேன், மக்கா.