மூன்று நாள் என் ஐசி உங்கள் பையில்

அக்கா,

இன்று காலை அலமாரியைத் திறந்தேன். அந்துருண்டை வாசத்தோடு நீங்களும் வந்து நின்றீர்கள். நீங்கள் காலமாகி நான்காவது தைப்பூசம் வரப்போகிறது.

என் கையில் ஒரு பாஸ்போர்ட். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு எனக்குத் துணையாக மகள் ஏற்பாடு செய்த பெண்ணுடையது. பெயர் யாத்தி, இந்தோனேசியாவின் மேடானிலிருந்து வந்திருக்கிறாள். "நீங்களே வச்சிக்குங்க டீச்சர். எல்லா வீட்லயும் அப்படித்தான்லா. இல்லன்னா ஓடிரும்" என்று கொடுத்துவிட்டுப் போனார் ஏஜெண்ட். நானும் வாங்கிக்கொண்டேன். பூட்டப் போகும்போதுதான் கை நின்றது.

என் மாமியார் படுக்கையில் கிடந்தபோது புதுக்கோட்டைப் பக்கமிருந்து செல்வி வேலைக்கு வந்தாளே, அவளுடைய பாஸ்போர்ட்டும் இதே அலமாரியில்தான் இருந்தது, பட்டுப் புடவைகளுக்கு அடியில். பள்ளியில் பிள்ளைகளின் சான்றிதழ்களைப் பூட்டி வைப்பதில்லையா, அதுபோல என்று நினைத்திருந்தேன்.

நீங்கள் எதையும் லேசில் நம்பாதவர். ஈப்போ சந்தையில் மீன்காரர் செவுளைத் திறந்து காட்டினாலும் முகர்ந்து பார்ப்பீர்கள். சுங்காய் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்துக் குணம் என்பீர்கள். ஒரு மாலை பக்கத்து வீட்டிலிருந்து தேநீர் குடிக்க வந்தபோது செல்வியிடமே கேட்டீர்கள்.

"ஏம்மா, ஒன் பாஸ்போட் எங்க?"

அவள் என் இடுப்புச் சாவியைப் பார்த்தாள்.

"பத்திரமா இருக்குக்கா," என்றேன். "ஓடிட்டா யாரு பதில் சொல்றது?"

"ஓடுற அளவுக்கு இந்த வீட்டுல அப்படி என்னா பண்றீங்க டீச்சரம்மா?"

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. கிளம்பும்போது என் அடையாள அட்டையை, ஐசியை, கேட்டு வாங்கினீர்கள். "படத்துல நல்லாத்தான் இருக்கீங்க" என்று பையில் போட்டுக்கொண்டீர்கள். "நான் பத்திரமா வச்சிருக்கேன்."

மறுநாள் கேட்டதற்கு, "எங்க போப்போறீங்க?" என்றீர்கள். கிளினிக்கில் ஐசி இல்லாமல் பதிய முடியாது என்றார்கள், திரும்பி வந்தேன். வழியில் போலீஸ் நிறுத்தினால் என்ற பயத்தில், பத்து காஜா ஊரில் தங்கை வீட்டு விசேஷத்துக்கும் போகவில்லை. மூன்றாம் நாள் உங்களையே சந்தேகித்தேன். தொலைத்துவிட்டு நடிக்கிறாரோ? யாரிடமாவது கொடுத்துவிட்டாரோ? முப்பது வருடப் பழக்கம், அக்கா. மூன்றே நாளில் உங்களைத் திருடியாக்கிவிட்டேன்.

அன்று மாலை வேலிக்கு மேலே ஐசியை நீட்டினீர்கள். நான் நேரே போய் அலமாரியைத் திறந்தேன்.

பாஸ்போர்ட்டைக் கண்டதும் செல்வி அழுதாள். "என்ன தப்பு பண்ணேன் டீச்சர்? ஊருக்கு அனுப்பிடாதீங்க." அது தன் கைக்கு வந்தால் வேலை போய்விட்டது என்றுதான் அவளுக்குத் தெரியும். சமாதானம் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அப்படியும் என் புத்தி அடங்கவில்லை. விடிந்ததும் வாசலில் அவள் செருப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு நாள் காணவில்லை. பதறிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு ஓடி வந்தால், அவள் உங்கள் அடுப்படியில் உட்கார்ந்து பசியாறிக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா டீச்சரம்மா, ஓடிட்டா! பத்தடி தூரம்!"

இன்று யாத்தியைக் கூப்பிட்டு அவள் பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். அவளும் வெளிறிப்போனாள். திருப்பி அனுப்பப் போகிறீர்களா என்று மலாயில் கேட்டாள். இல்லை என்றேன். ஒரு தகரப் பெட்டியும் பூட்டும் கொடுத்து, சாவியை அவள் கையில் வைத்தேன். நம்பவில்லை. பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். உங்களுக்கு அவளைப் பிடித்திருக்கும்.

நாளை விடிந்ததும் நான் செருப்பைப் பார்க்கத்தான் போகிறேன், அக்கா. அது இல்லையென்றால், ஏஜெண்டுக்குப் போன் அடிப்பதற்கு முன் என்னையே கேட்டுக்கொள்வேன். ஓடுற அளவுக்கு இந்த வீட்டுல அப்படி என்னா பண்ணீங்க, டீச்சரம்மா?