வெள்ளிக்கிழமைத் தலைவலி

அனகாபுத்தூர்
9.7.2002

அன்பு மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் மகள் கைனாத்துக்குத் தலைவலி விட்டபாடில்லை. கண் டாக்டர் கண்ணாடி வேண்டாம் என்கிறார். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் தண்ணீர் ஓதி வாங்கிக் கொடுத்தேன். கொஞ்சம் அடங்கியது, மறுபடி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமையானால் பள்ளியிலிருந்தே தலையைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். டீச்சர் “நடிக்கிறா” என்கிறார். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அப்படி என்ன தலைவலி? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நீங்கள் கவலைப்படாதீர்கள், நாங்கள் நன்றாக இருக்கிறோம்.

துஆவுடன்,
ஹஃபீசா

ஷார்ஜா
20.7.2002

அன்பு ஹஃபீசாவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

தலைவலி என்றும் எழுதுகிறாய், நன்றாக இருக்கிறோம் என்றும் எழுதுகிறாய். எதை நம்புவது? டிவியைக் குறைக்கச் சொல். தாம்பரத்தில் பெரிய டாக்டரிடம் காட்டு.

இன்னொன்று. முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை நான் போன் செய்தால் உன்னைப் பேசவிடாமல் வம்பளப்பாள். இப்போது “எல்லாரும் நல்லாருக்கோம் அத்தா” என்று பாடம் ஒப்பித்துவிட்டு உன்னிடம் கொடுத்துவிடுகிறாள். என் மேல் கோபமா?

உன்
சௌகத் அலி

அனகாபுத்தூர்
6.8.2002

அன்பு மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

காட்டினேன். ஸ்கேனில் ஒன்றுமில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்றேன். ஒன்றுமில்லாமலா பிள்ளை வாந்தி எடுக்கிறாள்? டாக்டரம்மா என்னை வெளியே உட்காரவைத்து அவளிடம் தனியாகப் பேசினார். அவள் வாயே திறக்கவில்லையாம். பிறகு என்னைக் கூப்பிட்டு, “வலி நெஜம்தாம்மா. மனசுல எதையோ அடக்கி வச்சிருக்கா. வீட்ல எதுனா பிரச்சனையா?” என்றார். இல்லை என்றேன். கைனாத் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உங்கள் மேல் கோபமெல்லாம் இல்லை. அவளிடம் அதிகம் துருவாதீர்கள்.

ஹஃபீசா

ஷார்ஜா
17.8.2002

ஹஃபீசா, ஸலாம்.

நேற்று நீ ரிசீவரை அவளிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாய். வழக்கமான பாடத்தைச் சொன்னாள். “இப்பத் தலை வலிக்குதாம்மா?” என்று மட்டும்தான் கேட்டேன். அழுதுவிட்டாள்.

“அம்மாவுக்கு மாருல கட்டி, அத்தா. துணைக்கு என்னைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போச்சு. ஆபரேஷன் பண்ணணும்னாங்க, அம்மா அப்புறம் போகவே இல்ல. உங்ககிட்ட சொன்னா வேலைய விட்டுட்டு வந்துடுவீங்கன்னு சத்தியம் வாங்கிக்கிச்சு.”

அதற்குள் என் போன் கார்டு தீர்ந்து லைன் அறுந்துவிட்டது. உன்னைத் திட்டுவதா, நான் அழுவதா, தெரியவில்லை. தூரத்தில் இருப்பவனிடம் நல்லதை மட்டும் சொல்வது நம் வழக்கம்தான். இந்த அறையில் என்னோடு தங்கியிருக்கும் எல்லோர் வீட்டிலும் அப்படித்தான். அதற்காகப் பிள்ளை தலையிலா இதை இறக்கிவைப்பாய்?

முதலாளியிடம் பாஸ்போர்ட் கேட்டிருக்கிறேன். தருவானா தெரியாது. நான் வந்தாலும் வராவிட்டாலும் நீ ஆபரேஷனுக்குப் போ. துணைக்கு உன் தங்கை தபஸ்ஸும் வரட்டும். கைனாத் பள்ளிக்கூடம் போகட்டும். அவளைத் திட்டாதே.

இன்று ஊருக்கு வரும் என் அறைத் தோழன் ஷாகுலிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை கூப்பிடுவேன். முதலில் நீ எடு. நன்றாக இருக்கிறோம் என்று மட்டும் சொல்லாதே.

சௌகத் அலி